சொட்டு விழுது சித்தி!

"சொட்டு விழுது சித்தி! சொட்டு விழுது!"

அக்கா மகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது. மாடிவீட்டுப் பாட்டி ஆய்ந்துகொண்டிருந்த கீரையை மடியில் அள்ளிக்கொண்டு அப்படியே ஓடி வந்துவிட்டார். பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடி. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அடிப்பாகம் அறுத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, இரும்பு ஸ்டாண்டில் தலைகீழாக நிற்கிறது. அதன் வாயில் கட்டிய புடவைத் துணி நனைந்து, கனத்து, உப்பி... டொப்! எவர்சில்வர் தூக்கில் முதல் சொட்டு. கன்னங்கரேல் என்று!

கறுப்பாக இருந்தால் என்ன? வந்துவிட்டதே! மூன்று பேரும் கைதட்டினோம்.

பள்ளிப் புத்தகத்தில் இந்த வடிகட்டியின் படம் எல்லாரும் பார்த்திருப்போம். மேலே மணல், நடுவில் கரி, கீழே கூழாங்கல். கோடு போட்டதுபோல் அழகாக இருக்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது தெரியுமா? வாருங்கள், மொட்டைமாடிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

சாமான் வேட்டை

கேன் கிடைப்பது சுலபம். விரிசல் விட்ட கேன் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மணல்தான் முதல் ஆச்சரியம். ஹார்டுவேர் கடையில் போய் "மணல் வேணும்" என்றதும், "எம்-சாண்டா?" என்றார் கடைக்காரர். இன்றைக்கு பெங்களூரில் வீடு கட்டுகிற எல்லாரும் கேட்பது அதைத்தான். கருங்கல்லை உடைத்து இயந்திரத்தில் அரைத்த மணல் அது. எதற்கு என்று சொன்னதும் தலையை ஆட்டிவிட்டார். "ஃபில்டருக்கா? எம்-சாண்ட் பேடாம்மா!" அரைத்த கல்லின் மாவு அதில் ஒட்டியிருக்கும், எத்தனை கழுவினாலும் பால்போலக் கலங்கும் என்று கன்னடமும் தமிழும் கலந்து பாடமே எடுத்தார். மீன்தொட்டிக் கடையில் சலித்த மணல் கிடைக்கும் என்று வழியும் காட்டினார். அவர் வாழ்க!

கரிக்குத் தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணன். பெட்டியில் போடாத, புத்தம்புதுக் கரியாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொடுத்தார். 20 எம்எம் ஜல்லியும் பொடி ஜல்லியும் பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டிலிருந்து கேட்டு வாங்கியவை.

துணி? பாட்டியின் பெட்டியில் இருந்து வந்தது, முப்பது வருஷம் உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட காட்டன் புடவை. "புதுசு வேண்டாம் கண்ணு, புதுசுல கண்ணி அகலமா இருக்கும்" என்றார். அவர் சொன்னதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் கேட்டிருந்தால் துள்ளியிருப்பார்! வங்கதேசத்தின் 65 கிராமங்களில் அவருடைய குழு ஒரு சோதனை நடத்தியது. பழைய புடவையை நான்கு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் போட்டுத் தண்ணீர் மொண்டார்கள் அந்த ஊர்ப் பெண்கள். காலராக் கிருமி தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரினங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும். கிருமி துணியில் நிற்காது, அது சவாரி செய்கிற அந்த உயிரினம் நின்றுவிடும். 2003இல் வெளியான முடிவின்படி, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. துவைக்கத் துவைக்க நூல் பிரிந்து கண்ணி இறுகுவதால் பழைய புடவையே உசத்தி என்பதையும் அந்தக் குழு கண்டது. பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "பின்னே?" என்றார், கண்கள் மின்ன.

கழுவு, கழுவு, இன்னும் கழுவு

இந்த வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான்! மணலை வாளியில் போட்டு, தண்ணீர் விட்டு, கையால் அளைந்து, கலங்கலை வடித்து, மறுபடி தண்ணீர். நான்காவது தடவை டீ நிறம். ஏழாவது தடவை மோர் நிறம். பதினோராவது தடவையில்தான் வாளியின் அடி தெரிந்தது. கழுவிய தண்ணீர் முழுக்கச் செடிகளுக்கு. பாட்டி வளர்க்கிற முருங்கைக்கு அன்று திருவிழா.

மணல் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு ரகசியம் உண்டு. கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் அரை நிமிடத்தில் அடியில் உட்காரும். அதன் மேல் மெழுகுபோல ஒரு வண்டல் படலம் படிந்தால் இன்னும் கழுவ வேண்டும். படியாவிட்டால் தயார்.

கரியைத் துணிப்பையில் கட்டி அம்மிக்குழவியால் தட்டினோம். கடலை அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் தண்ணீர் கரியைத் தொடாமலே நழுவிப் போய்விடும். மாவாக நொறுங்கினாலோ அடைத்துக்கொள்ளும். பச்சைப்பயறு அளவு வரும்வரை தட்டிச் சலித்தோம், மைதா சல்லடையில். தூளை எடுத்து அக்கா மகள் மூக்கின் கீழ் மீசை வரைந்துகொண்டது தனிக்கதை.

அடுக்குகிற அழகு

இப்போது நிஜமான திரை விலகல்! கவிழ்ந்த கேனின் கழுத்தில் புடவைத் துணி நான்கு மடிப்பு. அதன் மேல் ஜல்லி, நான்கு விரல் உயரம். அதன் மேல் பொடி ஜல்லி, இரண்டு விரல். பிறகு கரி, ஒரு சாண். கரிக்கும் மணலுக்கும் நடுவே இட்லித் துணி ஒன்று, இரண்டும் கலந்துவிடாமல். அதன் மேல் மணல், முக்கால் சாண். எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டை போட்ட பழைய இட்லித் தட்டு. தண்ணீரை மேலிருந்து ஊற்றும்போது மணலில் பள்ளம் விழாமல் அந்தத் தட்டு பரப்பிவிடும்.

ஜல்லி தண்ணீரைச் சுத்தப்படுத்துவதில்லை. மணல் இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிப்பதும், கீழே தண்ணீர் ஓட வழிவிடுவதும்தான் அதன் வேலை. மணல் அழுக்கைப் பிடித்து நிறுத்துகிறது. கரி நிறத்தையும் வாடையையும் தன் நுண்துளைகளில் ஒட்டவைத்துக்கொள்கிறது. கடையில் விற்கிற வடிகட்டிகளில் இருப்பது இந்தக் கரியின் பெரிய அண்ணன். தேங்காய்ச் சிரட்டைக் கரியை மிகுந்த சூட்டில் நீராவி காட்டி உள்ளே லட்சக்கணக்கான துளைகள் திறக்கச் செய்வார்கள். அதில் ஒரு கிராமுக்குள் சுருண்டிருக்கும் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரை வரும்! இஸ்திரிக் கரிக்கு அவ்வளவு திராணி கிடையாது. ஆனால் அதற்கும் துளை உண்டு, அதுவும் உழைக்கிறது. எப்படித் தெரியும்? சற்றுப் பொறுங்கள்.

பாட்டியின் கொட்டை

முந்தின ராத்திரி பெய்த கோடை மழையைக் குழாயடி டிரம்மில் பிடித்து வைத்திருந்தோம். புழுதி, காய்ந்த இலை, புறா எச்சம் எல்லாம் சேர்ந்த மொட்டைமாடித் தண்ணீர். இதை அப்படியே ஊற்றினால் மணல் சீக்கிரம் அடைத்துவிடுமே என்று யோசிக்கையில் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே தட்டையான, பொத்தான் மாதிரி நாலைந்து விதைகள். தேத்தாங்கொட்டை! தருமபுரிப் பக்கம் ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் அவர் அம்மா இதைத்தான் போடுவாராம். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது.

சந்தனக் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கொட்டையை இழைத்தார். வெண்ணெய்போல வழிந்த விழுதை மண்குடத்துத் தண்ணீரில் கலக்கி, மூடி வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், புழுதி எல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் படிந்திருக்க, மேலே தெளிந்த நீர். விதையிலுள்ள பொருள் மிதக்கிற நுண்மண்ணை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கிவிடுகிறது. நகராட்சி நீர்நிலையத்தில் படிகாரம் செய்கிற அதே வேலை! கலித்தொகையிலேயே இந்த விதை கலங்கிய நீரைத் தெளியவைப்பது உவமையாக வருகிறது. அல்சூர் மொட்டைமாடியில் அந்த உவமை எங்கள் கண்ணெதிரே அடியில் படிந்து கிடந்தது.

சோதனை மேல் சோதனை

முதல் இரண்டு வாளி கரித்தூளோடு வந்தது. கொட்டினோம். மூன்றாவது வாளியில் சாம்பல். ஐந்தாவது வாளியில்... ஆஹா! கண்ணாடித் தம்ளரில் பிடித்து, தமிழ்ப் பேப்பரின் மேல் வைத்து மேலிருந்து பார்த்தோம். ராசிபலனின் பொடி எழுத்து அப்படியே தெரிந்தது. வடிகட்டாத தண்ணீரில் தலைப்பே மங்கல்.

அடுத்தது மை. ஒரு சொம்புத் தண்ணீரில் பேனா மை நான்கு சொட்டு விட்டு ஊற்றினோம். நீலம் போன இடம் தெரியவில்லை. கரியின் சமர்த்து அது! பத்தாவது சொம்பில்தான் லேசாக நீலம் எட்டிப் பார்த்தது. துளைகள் நிரம்பிக்கொண்டு வருகின்றன என்று அர்த்தம். கரியை அவ்வப்போது மாற்றியாக வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் இப்படிக் காட்டியதில்லை.

அடுத்து உப்பு. ஒரு ஸ்பூன் உப்புக் கரைத்த ஐந்து லிட்டர் தண்ணீரை ஊற்றி, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நீட்டினோம். ஊற்றும்போது ஆயிரத்துச் சொச்சம். கடைசித் தம்ளரிலும் ஏறக்குறைய அதே எண். கரைந்த உப்புக்கு மணலும் கரியும் திறந்த வாசல். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையும் நைட்ரேட்டும் இப்படியே நுழைந்து இப்படியே வெளியே வந்துவிடும். ஆகவே இந்தக் கேன் மழைத் தண்ணீருக்குத்தான் பொருத்தம். மழையில் உப்பே சொற்பம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சின்ன பாட்டில். 1982இல் மஞ்சா என்ற இந்திய அறிவியலாளரும் அவருடைய தோழர்களும் உலக சுகாதார நிறுவன இதழில் வெளியிட்ட எளிய சோதனை அது. உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை நிரப்பி அறைச் சூட்டில் வைக்க வேண்டும். மலக்கழிவு சார்ந்த கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். லேப் தேவையில்லை, மைக்ராஸ்கோப் தேவையில்லை. இந்தியாவின் மூலைமுடுக்குக் கிராமங்களுக்கெல்லாம் போன பாட்டில்!

வடிகட்டாத தண்ணீர் ஒன்றில், வடிகட்டியது ஒன்றில். மறுநாள் காலை பல் விளக்காமலே மாடிக்கு ஓடினோம். இரண்டும் கறுப்பு.

ராசிபலன் தெரிந்த அதே தண்ணீர்! அக்கா மகள் வெகுநேரம் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ கண்ணுக்குத் தெளிவா இருந்தா போதாதா சித்தி?" இந்த ஒரு கேள்விக்காகவே ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுக்கலாம்.

மணலுக்கு உயிர் வந்த கதை

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா பெரிய அளவில் தப்பியது. இரண்டு ஊரும் குடித்தது ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீரை. ஆல்டோனா ஆற்றின் கீழ்ப்பக்கம், ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த பிறகு எடுத்தது! ஒரே வித்தியாசம், ஆல்டோனா தண்ணீரை மணல்படுகையில் மெதுவாக வடித்தது. ஹாம்பர்க் வடிக்கவில்லை.

அங்கே காப்பாற்றிய மணல் எங்கள் கேனில் ஏன் காப்பாற்றவில்லை? எங்கள் மணலுக்கு வயது ஒரு நாள்! தண்ணீர் தொடர்ந்து பாய்கிற மணலின் மேல்பரப்பில் இரண்டு மூன்று வாரத்தில் வழவழவென்று ஓர் உயிர்ப்படலம் வளரும். நல்ல நுண்ணுயிர்களின் குடியிருப்பு அது. வருகிற கிருமிகளை அதுவே தின்று தீர்க்கும். அந்தப் படலம் காயக் கூடாது. தண்ணீரும் அவசரமாக ஓடக் கூடாது. எங்கள் கேன் அகலத்துக்கு மணிக்கு ஐந்திலிருந்து பத்து லிட்டர்தான் அதன் நிதானம். நாங்கள் விட்டதோ அருவி!

உடனே மாற்றங்கள் தொடங்கின. கேன் மூடியில் துளை போட்டு, மீன்தொட்டிக் குழாயைச் செருகி, எம்-சீல் வைத்து அடைத்தோம். குழாயின் மறுமுனையைக் கேனுக்கு வெளியே மேலே ஏற்றி, மணல் மட்டத்துக்கு நான்கு விரல் உயரத்தில் வளைத்துக் கட்டினோம். இனி தண்ணீர் அந்த உயரத்துக்குக் கீழே இறங்கவே முடியாது, மணல் எப்போதும் நனைந்தே இருக்கும். ஒரு துண்டுக் குழாயில் இத்தனை சூட்சுமம்! தினமும் ஒரு வாளி மழைத் தண்ணீர். குளோரின் போட்ட காவேரித் தண்ணீர் மட்டும் கூடாது, அது உயிர்ப்படலத்தைக் கொன்றுவிடும்.

மூன்று பாட்டில்கள்

மூன்று வாரம் கழித்து மறுபடி பாட்டில்கள் வந்தன. இம்முறை மூன்று. முதலாவதில் டிரம் தண்ணீர். இரண்டாவதில் வடிகட்டியது. மூன்றாவதில், வடிகட்டி, பாட்டியின் செம்புக்குடத்தில் சாயங்காலம் ஐந்து மணி முதல் காலை ஒன்பது வரை வைத்தது.

பதினாறு மணி நேரம் என்பது எங்கள் ஊகம் அல்ல, பெங்களூரிலேயே சோதித்த கணக்கு. இங்குள்ள ஆயுர்வேத, ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த பத்மா வெங்கடசுப்ரமணியனும் அவருடைய குழுவினரும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளை வேண்டுமென்றே கலந்த தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு தேடினால் அந்தக் கிருமிகள் ஒன்றுகூட வளரவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பின் அளவும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்புக்கு மிகக் கீழே இருந்தது.

முதல் நாள் முடிவில் டிரம் பாட்டில் மை போலக் கறுத்தது. வடிகட்டிய பாட்டில் அப்படியே நின்றது! இரண்டாம் நாள் மதியம் அதிலும் லேசாகப் பழுப்பு ஏறியது. கிருமி வெகுவாகக் குறைந்திருந்தது, ஒழியவில்லை. செம்புக்குடத்து பாட்டில் இரண்டு நாள் முழுக்க நிறம் மாறவே இல்லை. பாட்டி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார்.

அப்படியும் நாங்கள் அதைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே தளதளத்துவிடும். கவலை வேண்டாம், தளதளத்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும்.

வானத்திலிருந்து 4,500 கேன்

எதற்கு இத்தனை பாடு? காவேரி நமக்கு வருவது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டமாகப் பம்ப் செய்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றி. 2024 கோடையில் டேங்கருக்குக் காத்துநின்ற தெருக்களை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் இதே ஊரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழுவது மட்டும் ஏறக்குறைய 90,000 லிட்டர். 20 லிட்டர் கேனாகக் கணக்குப் போட்டால் 4,500 கேன்!

இதை வாழ்ந்தே காட்டியவர் ஏ. ஆர். சிவகுமார். கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் அறிவியலாளராக இருந்தவர். விஜயநகரில் 1990களில் கட்டிய வீட்டில் குடிநீர் வாரிய இணைப்பே இல்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மழைநீரிலேயே குடும்பம் நடத்தியவர். அவர் உருவாக்கிய 'பாப்-அப்' வடிகட்டியில் ஒரு அருமையான நுட்பம் உண்டு. அழுக்கு அடைத்தால் வடிகட்டும் பகுதி தானே மேலே எழும்பி, "என்னைக் கழுவு" என்று காட்டிவிடும்! 2009 முதல் பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எப்படிச் செய்வதென்று கண்ணால் பார்க்க ஜயநகர் 5ஆவது பிளாக்கில் சர் எம். விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஒரு மையமே இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

அதற்கு முன் உங்கள் மாடியில் ஒரு கேனைக் கவிழ்த்துப் பாருங்கள். மணலைப் பதினோரு தடவை கழுவுங்கள். மழை பிடித்த முதல் சில நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடியுங்கள். வடிகட்டி வந்தது எத்தனை பளிச்சென்று இருந்தாலும் அந்தக் குட்டி பாட்டிலில் சோதித்துப் பாருங்கள். பாட்டில் கறுக்காவிட்டாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் வந்துவிடும். கேன் தயாராக இருக்கட்டும்.